கோடு வருமுன்

கனமான எண்ணெயிலிருந்து மெல்லிய டீசலுக்கு மாறும்போது வெப்பம் நிமிடத்துக்கு இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. டேங்கர் கப்பலின் இன்ஜின் ரூமில் கற்றதில் எதை முதலில் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 380 ரகக் கன எண்ணெயை 130, 140 டிகிரி வரை சூடாக்கினால்தான் அது இன்ஜெக்டரில் தெளிக்கும் பதத்துக்கு இளகும். டீசலோ சாதாரண வெப்பத்திலேயே இளகி ஓடும். இன்னும் சூடு தணியாத குழாயில் அதை அவசரமாக விட்டால் மேலும் நீர்த்துப்போய், பம்பின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே வழுவழுப்பு இல்லாமல் போகும். பிளஞ்சர் இறுகிவிடலாம். இறுகாவிட்டாலும் உள்ளுக்குள் கசியும். அந்தக் கசிவு ஓட்டத்தில் தெரியாது. இன்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பும்போதுதான் பிடிக்காமல் போகும். அதுவும் பெரும்பாலும் துறைமுக வாசலில், பிரிட்ஜில் பைலட் நிற்கும்போது. கலிஃபோர்னியா 2009-ல் தன் கரையோரத்தில் குறைந்த கந்தக எரிபொருளைக் கட்டாயமாக்கியதும் இப்படி உந்துவிசை இழந்து நின்ற கப்பல்கள் பல.

இதை நான் இப்போது புனேயில் சொல்லிக்கொடுக்கிறேன். கடல் மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேலே, தக்காணப் பீடபூமியில் இருக்கும் ஊர். ஆனாலும் தளேகாவ் பக்கம் இந்திராயணி ஆற்றங்கரையில் இந்தூரி, சோலாப்பூர் சாலையில் லோணி காள்போர் என்று கடற்கல்விக் கல்லூரிகள் இங்கே வேரூன்றிவிட்டன. கப்பல் கம்பெனிகளும் கப்பல் துறைத் தலைமை இயக்ககமும் இருக்கும் மும்பை சில மணி நேரத் தொலைவுதான். இந்தக் கல்லூரிகளில் சில சேர்ந்திருக்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமோ சென்னை. லாத்தூர், சாங்லி, சாத்தாரா பையன்களும் பெண்களும் வருகிறார்கள். இப்போது தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் கொஞ்சம் பேர். தூத்துக்குடிக்காரனான எனக்குக் கப்பல் சிறுவயதிலிருந்தே கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்ற பொருள். இவர்களில் பலருக்கு அது முதலில் சிமுலேட்டர் திரையில்தான் வருகிறது.

அதனால் புனேயில் அவர்கள் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவேன். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 டீசல் எங்கும் வந்தது 2020 ஏப்ரலில். அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு. இந்த ஊரின் ஏ.ஆர்.ஏ.ஐ. வாகன ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்களில் இன்ஜின் புகையை அளப்பதும் ஒன்று. சாக்கன் தொழிற்பேட்டையில் அப்பா வேலை செய்யும் பையனுக்கு அந்த எண் தெரிந்திருக்கும். அதே ஆண்டு ஜனவரி முதல் தேதி உலகக் கப்பல்களுக்கு வந்த புதிய எல்லை 0.50 சதவீதம். அதைப் பத்து லட்சத்துக்கு மாற்றிப் பார் என்பேன். 5,000. லாரி டீசலைப்போல ஐந்நூறு மடங்கு. அதற்கு முன்பு இருந்த 3.50 சதவீதம் என்றால் 35,000. வகுப்பு அமைதியாகிவிடும். கடலில் எரிவது யார் மூக்குக்கும் எட்டாது என்று உலகம் அத்தனை காலம் நினைத்திருந்தது. துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்தவர்களுக்கு அந்த நினைப்பு இருந்ததே இல்லை. 2020-க்குப் பின் கப்பல்களிலிருந்து வெளியேறும் கந்தக ஆக்சைடு 77 சதவீதம் குறையும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. கணக்கிட்டது. என் தொழில்வாழ்வில் நான் பார்த்த பெரிய நல்ல காரியம் அது.

உலகம் முழுவதற்குமான எல்லை 0.50 என்றால், சில கடல்களில் அது 0.10. பால்டிக், வட கடல், வட அமெரிக்கக் கரை ஆகியவற்றில் 2015 ஜனவரியிலிருந்து. மத்தியதரைக் கடலில் 2025 மே முதல் தேதியிலிருந்து. இவற்றின் எல்லைகள் சார்ட்டில் மட்டும்தான் கோடுகள். தண்ணீரில் மிதவையும் கிடையாது, விளக்கும் கிடையாது. கோட்டைத் தாண்டியதும் மாற்ற ஆரம்பித்தால் என்ன என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. பதில் கணக்கில் இருக்கிறது. 2020-க்கு முந்தைய எல்லைப்படி பழைய எண்ணெயில் 3.50 சதவீதம் கந்தகம், புதிய டீசலில் 0.05 என்று வைத்துக்கொள்வோம். குழாய்களிலும் மிக்ஸிங் டேங்கிலும் பழைய எண்ணெய் நூற்றில் ஒன்றரைப் பங்கு தங்கினாலே கலவை 0.10-ஐத் தாண்டிவிடும். ஆகவே கோட்டுக்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கி, நிமிடத்துக்கு இரண்டு டிகிரிக்குள் இறக்கி, பழையது முழுக்க எரிந்து தீரும்வரை காத்திருந்து, கோட்டைத் தொடும்போது வேலை முடிந்திருக்க வேண்டும். தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஒவ்வொரு டேங்கிலும் எவ்வளவு குறைந்த கந்தக எண்ணெய் இருக்கிறது என்ற கணக்கு எல்லாம் லாக் புக்கில் ஏற வேண்டும். துறைமுகத்தில் ஏறும் இன்ஸ்பெக்டர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தை.

எண்ணெய் ஏற்றும் நாளின் வேலையும் இதில் அடக்கம். பங்கர் பார்ஜ் பக்கத்தில் கட்டி, ஹோஸ் மனிஃபோல்டில் மாட்டியதிலிருந்து கழற்றும்வரை சொட்டுச் சொட்டாக சாம்பிள் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு குவளை, முடிவில் ஒரு குவளை என்று எடுத்தால் அது சாம்பிள் ஆகாது. சாம்பிள் பாட்டிலின் சீல் எண் டெலிவரி நோட்டில் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சீஃப் இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டு மூன்று ஆண்டு கப்பலில் இருக்க வேண்டும், சாம்பிள் குறைந்தது ஓராண்டு. 2022-ல் சிங்கப்பூரில் குளோரின் சேர்ந்த ரசாயனம் கலந்த எண்ணெய் ஏறத்தாழ இருநூறு கப்பல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பல கப்பல்களில் ஜெனரேட்டரும் பம்பும் பழுதாயின. அப்படிப்பட்ட நாளில் இன்ஜினியரின் பக்கம் நிற்பது அந்த பாட்டில் ஒன்றுதான்.

டேங்கருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மற்றக் கப்பல்களில் இருந்து வருபவர்களுக்கு இதைப் புரியவைக்கவே நேரம் பிடிக்கும். கன்டெய்னர் கப்பல் துறைமுகத்தில் மெயின் இன்ஜினை அணைத்து ஓய்வெடுக்கும். பெரிய கச்சா எண்ணெய்க் கப்பலுக்கு உழைப்பு அங்கேதான் தொடங்கும். சரக்கை இறக்கும் பம்புகள் நீராவி டர்பைனில் ஓடும். ஒரு நாளுக்கும் மேலாக பாய்லர்கள் முழு வேகத்தில் எரியும். அந்த பாய்லர் புகையையே கடல் நீரில் கழுவி, குளிரவைத்து, காலியாகும் டேங்குகளுக்குள் அனுப்புகிறோம். அந்த வாயுவில் ஆக்ஸிஜன் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, டேங்குக்குள் எட்டுக்கு மேல் கூடாது. பம்ப் வெளியே தள்ளும் அளவைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதலாக வாயு உள்ளே போக வசதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று புகும். எண்ணெய் ஆவியும் காற்றும் சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

ஐரோப்பியத் துறைமுகங்களில் கட்டி நிற்கும் கப்பல் 0.10 எரிபொருள்தான் எரிக்க வேண்டும் என்ற விதி 2010-ல் வந்தபோது அது நேராக இந்த பாய்லரைத்தான் தொட்டது. கன எண்ணெய்க்கென்று செய்யப்பட்ட பர்னரில் டீசலை விட்டால் சூட்டில் முன்கூட்டியே ஆவியாகிச் சுடர் அறுந்துபோகலாம். சுடர் போனால் நீராவி போகும், பம்ப் நிற்கும், டேங்குக்குப் போகும் காப்பு வாயுவும் நிற்கும். உலைக்குள் ஆவி சேர்ந்திருக்க, காற்றை ஊதி வெளியேற்றாமல் மறுபடி பற்றவைத்தால் உலை வெடிக்கும். விதி நல்லது. அதைச் செயல்படுத்த பர்னர், பம்ப், சுடரைப் பார்க்கும் கண் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பணம் செலவழித்த கம்பெனிகளில் அமைதியாக வேலை செய்தோம். செலவழிக்காத இடங்களில் உலைக்கு முன்னால் ஒரு ஆளை நிறுத்திவைத்துச் சமாளித்தார்கள். அது எந்த நாளிலும் சரியான வழியல்ல.

சார்ட்டில் இன்னொரு வகைக் கோடும் இருந்தது, பாதுகாப்புக்காகக் கிழித்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஐ.எம்.ஓ. கப்பல் பாதுகாப்புக்கென்று ஐ.எஸ்.பி.எஸ். விதித்தொகுப்பை உருவாக்கியது. அதற்கான பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, 2002 அக்டோபரில், யேமன் கரைக்கு அப்பால் லிம்பர்க் என்ற பிரெஞ்சு டேங்கரை வெடிமருந்துப் படகு ஒன்று மோதியது. டிசம்பரில் விதி நிறைவேறியது. 2004 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. கேங்வேயில் காவல், வருபவர் பெயர்ப் பதிவு, மூன்று பாதுகாப்பு நிலைகள், ஓசையில்லாமல் கரைக்குச் செய்தி அனுப்பும் அபாயப் பொத்தான் எல்லாம் அதில் வந்தவை. பிறகு சோமாலியக் கொள்ளையர் காலம். 2008 நவம்பரில் இருபது லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயோடு சிரியஸ் ஸ்டார் பிடிபட்டது. அத்தனை பெரிய கப்பலையும் பிடிக்க முடியும் என்று அன்று தெரிந்தது.

கப்பல்துறை அமைப்புகள் ஆபத்துப் பகுதி என்று கோடு கிழித்தன. கொள்ளையர் கிழக்கே வர வர அந்தக் கோடும் கிழக்கே நகர்ந்து, 78 டிகிரி தீர்க்கரேகையில் வந்து நின்றது. சார்ட்டில் அதைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. அது என் ஊர்ப் பக்கமாகவே போகிற கோடு. கேரளக் கரை முழுவதும், கன்னியாகுமரிக்கு மேற்கே நம் மீனவர்கள் போகிற கடல் முழுவதும் ஆபத்துப் பகுதிக்குள் வந்துவிட்டது. தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். அவர்கள் படகு கப்பலை நெருங்கி வரக் காரணம் உண்டு. வலையைக் கப்பல் அறுத்துவிடாமல் ஒதுக்கிவிடத்தான் வருகிறார்கள். இது தெரியாத கண்ணுக்கு அது தாக்க வருகிற படகு.

2012 பிப்ரவரி 15 அன்று அதுதான் நடந்தது. என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய டேங்கரில் காவலுக்கு நின்ற இத்தாலியக் கடற்படை வீரர்கள், கேரளக் கரைக்கு அப்பால் சுமார் இருபது கடல் மைலில், செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் குமரி மாவட்டத்துப் பையன். வழக்கு சர்வதேச நடுவர் மன்றம்வரை போய், 2020-ல் வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று முடிந்தது. பத்துக் கோடி ரூபாய் வந்த பின் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்குள்ள வழக்கை மூடியது. அந்தக் கோடு 65 டிகிரிக்குப் பின்வாங்கியது 2015 டிசம்பரில். இடைப்பட்ட 2013 அக்டோபரில் தூத்துக்குடிக் கரைக்கு அப்பால் சீமேன் கார்டு ஓஹியோ என்ற ஆயுதக் காவல் கப்பல் பிடிபட்டது. அதிலிருந்த 35 பேருக்கு 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டு, 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் விடுதலையானார்கள். ஒரு கோட்டை எங்கே கிழிப்பது என்பது இத்தனை பேர் வாழ்வைத் தொட்டது.

என்ரிகா லெக்ஸி சம்பவத்தை நான் வகுப்பில் விரிவாகவே சொல்வேன். மேல்தளத்தில் காவல் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு மீன்பிடிப் படகின் நடத்தை தெரிந்திருக்க வேண்டும். வலை இழுக்கும் படகின் வேகம் என்ன, படகில் ஏணியும் கொக்கியும் இருக்கிறதா, வலையும் ஐஸ் பெட்டியும் இருக்கிறதா, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கச் சொல்வேன். ரத்தினகிரியில் மாமா வீடு இருக்கும் மராத்திப் பெண் ஒருத்தி, தன் மாமாக்கள் எப்படிக் கையாட்டிக் கப்பலை விலகச் சொல்வார்கள் என்று ஒருமுறை வகுப்பில் செய்து காட்டினாள். பாடப்புத்தகத்தில் அது கிடையாது.

இன்ஜினியரின் பங்கு கீழே. வேகம் மணிக்கு 18 கடல் மைலுக்கு மேல் இருந்த கப்பலில் கொள்ளையர் ஏறியதாகத் தகவல் இல்லை என்று அந்நாளைய கையேடு சொன்னது. சரக்கு நிரம்பிய டேங்கர் முக்கிப் போனாலும் பதினாலு, பதினைந்துதான். தளமோ தண்ணீருக்கு அருகில். ஆகவே இருக்கிற வேகம் முழுவதும் கேட்ட நொடியில் கிடைக்க வேண்டும். இரண்டு ஸ்டியரிங் பம்புகளும் ஓட வேண்டும். ஜெனரேட்டர் கூடுதலாக ஓட வேண்டும். தீயணைப்புக் குழாயில் அழுத்தம் நிற்க வேண்டும். இரவில் ஆளில்லாமல் ஓடும் இன்ஜின் ரூமில் ஆள் இருக்க வேண்டும்.

மாசு விதியும் பாதுகாப்பு விதியும் ஒன்றாக வந்து சேரும் இடம் இதுதான். எரிபொருளை மிச்சம் பிடிக்க மாதக்கணக்கில் மெதுவாக ஓட்டிய இன்ஜினில் முழுமையாக எரியாத கரி படிந்திருக்கும். டர்போசார்ஜரில், புகைக்கூண்டிலிருக்கும் எகனமைசரில், பிஸ்டனுக்குக் கீழே ஸ்கேவஞ்ச் பெட்டியில். திடீரென முழு வேகம் கேட்டால் அந்தக் கரி பற்றிக்கொள்ளும். கொள்ளையர் படகு பின்னால் வரும்போது ஸ்கேவஞ்சில் தீ என்றால் இன்ஜினின் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அதனால் ஆபத்துப் பகுதிக்கு வரும் முன்னரே சில நாட்கள் லோடைப் படிப்படியாக ஏற்றி, கரியை ஊதித் தள்ளி, டர்போசார்ஜரைக் கழுவி, இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்து வைக்க வேண்டும். எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தெளிப்பு மூடுபனியாக வருகிறதா, மூடிய பின் சொட்டுகிறதா என்று பார்ப்போம். நாசிலில் அங்கீகாரக் குறி இருக்கிறதா என்பதும் அப்போதே பார்க்க வேண்டியது. நைட்ரஜன் ஆக்சைடு விதியின்படி அந்தக் குறியில்லாத மலிவு நாசிலைப் போட்டால் இன்ஜினின் சான்றிதழே கேள்விக்குரியதாகும். இத்தனையும் செய்த இன்ஜின் புகையும் குறைவாக விடும், கேட்ட வேகமும் தரும். இரண்டு அதிகாரிகள், இரண்டு ஃபைல்கள், இரண்டு ஆடிட் இருக்கலாம். கைவேலை ஒன்றே. தன் இன்ஜினின் புகை நிறத்தைத் தினமும் அண்ணாந்து பார்க்காதவன் பாதுகாப்புக்கும் தகுதியானவன் அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

கொள்ளையர் ஏறிவிட்டால் எல்லோரும் இறங்கி ஒளியும் காப்பறையைச் சிட்டடல் என்பார்கள். பல கப்பல்களில் அது இன்ஜின் கன்ட்ரோல் ரூம் அல்லது ஸ்டியரிங் அறை. 2010 மே மாதம் மாஸ்கோ யுனிவர்சிட்டி என்ற ரஷ்ய டேங்கரின் மாலுமிகள் இன்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே பூட்டிக்கொண்டார்கள். மறுநாள் ரஷ்யப் போர்க்கப்பல் வந்து மீட்டது. ஒருவர்கூட வெளியே விடுபடக் கூடாது என்பதுதான் இதன் உயிர்நாடி. வெளியே ஒரு ஆள் சிக்கினால் மீட்க வருகிறவர்கள் கைகட்டி நிற்க வேண்டும். கதவுகளைப் பற்றிப் பேசும்போது நான் குரலை உயர்த்துவது உண்டு. வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாதபடி கம்பி போட்டு அடைத்த கதவு, உள்ளே தீப்பிடித்தால் உள்ளிருப்பவன் கையால் உடனே திறக்க வேண்டும். அவசர ஏணியின் மூடியை வெல்டு செய்து அடைத்த கப்பலைப் பார்த்திருக்கிறேன். கொள்ளையருக்குப் பயந்து அதைச் செய்தவர்கள் தீயை மறந்துவிட்டார்கள். டேங்கரில் தீதான் முதல் எதிரி.

அதை உலகமே 2024 ஜனவரி 26 அன்று பார்த்தது. ஆபத்துப் பகுதி என்ற கோட்டையே 2023 ஜனவரியில் அழித்திருந்தார்கள். ஓராண்டு முடியுமுன் செங்கடலில் ஏவுகணைகள் பறந்தன. 2023 டிசம்பர் 23-ல் கெம் புளூட்டோ என்ற டேங்கர் குஜராத் கரைக்கு அப்பாலேயே டிரோனால் தாக்கப்பட்டது. நாஃப்தா ஏற்றிய மார்லின் லுவாண்டா ஏடன் வளைகுடாவில் அடிபட்டபோது அதில் 22 இந்தியர்களும் ஒரு வங்கதேசத்தவரும் இருந்தார்கள். கேப்டன் அபிலாஷ் ராவத்தும் ஆட்களும் கப்பலைக் கைவிடாமல் நுரையும் நீரும் அடித்துப் போராடினார்கள், ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்து உதவியது. அந்த ஆண்டு ஐ.எம்.ஓ. வீர விருது அவர்களுக்குத் தரப்பட்டது. நாஃப்தா எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்று தெரிந்த யாரும் அந்த நாளைச் சாதாரணமாகப் பேச மாட்டார்கள். பக்கத்து டேங்குகளில் காப்பு வாயு இருந்ததா, நுரைக் குழாயின் வால்வு துருப்பிடிக்காமல் திரும்பியதா என்பதெல்லாம் அன்று காலை தொடங்கிய வேலையாக இருந்திருக்க முடியாது.

செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் ஜாம்நகரிலிருந்து ராட்டர்டாமுக்கு நாலாயிரம் கடல் மைலுக்கு மேல் கூடும். ஏறக்குறைய இரண்டு வாரம். அத்தனை நாளும் எரிவது எண்ணெய்தான். 2023-லிருந்து ஒவ்வொரு கப்பலுக்கும் கரியமில வாயுக் கணக்கில் ஏ முதல் ஈ வரை தரம் போடுகிறார்கள். உயிருக்குப் பயந்து சுற்றிப்போன கப்பலின் புகைக் கணக்கு ஏறத்தான் செய்யும். ஆளையும் கப்பலையும் காக்கத் தேவையான புகைக்கு கப்பல் மாசு ஒப்பந்தமான மார்போலின் ஆறாம் இணைப்பில் மூன்றாம் விதி விலக்கு தருகிறது. ஆனால் அந்த விலக்கு தானாக வராது. எப்போது, எங்கே, யார் உத்தரவில் வேகம் ஏற்றினோம், எவ்வளவு எண்ணெய் எரிந்தது என்று அன்றன்றைக்கு எழுதியிருந்தால்தான் வாதாட முடியும். மறுவாரம் உட்கார்ந்து நிரப்பிய பக்கத்தை அனுபவமுள்ள இன்ஸ்பெக்டர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார்.

கப்பல் முதலாளிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இருபது ஆண்டுகளில் சாம்பிள், சீல், கந்தகக் கணக்கு, கேங்வே காவல், காப்பறை ஒத்திகை, கரியமிலக் கணக்கு என்று வேலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆள் ஏறவில்லை. ஓய்வு நேரப் பதிவேட்டில் எல்லோரும் தூங்கியதாக எழுதியிருக்கும். கண்களைப் பார்த்தால் வேறு தெரியும். பெயரையும் கொடியையும் மாற்றிக்கொண்டு, இருப்பிடம் காட்டும் ஏ.ஐ.எஸ். சிக்னலை அணைத்துவிட்டு ஓடும் வயதான டேங்கர்களில் நம் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய கவலை. காப்பீடும் பராமரிப்பும் சந்தேகமான அந்தக் கப்பல்களில் மாசு விதி, பாதுகாப்பு விதி இரண்டில் எதுவும் உயிரோடு இருக்காது. சம்பளம் கூடுதல் என்று ஏஜென்ட் சொன்னால், கப்பலின் ஐ.எம்.ஓ. எண்ணை வாங்கிக்கொண்டு என்னிடம் வா என்று பழைய மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். சிலர் வருகிறார்கள்.

கரியமில வாயுவுக்கு விலை வைக்கும் திட்டத்தை 2025 அக்டோபரில் ஐ.எம்.ஓ. ஓராண்டு தள்ளிவைத்தது. ஆனாலும் மெத்தனாலும் அம்மோனியாவும் எரிபொருளாக வரத்தான் போகின்றன. அம்மோனியா அதிக அளவில் மூச்சில் போனால் ஆளைக் கொல்லக்கூடியது. அது ஓடும் இன்ஜின் ரூமையே காப்பறையாக வைத்துக்கொள்ளலாமா என்பதை இப்போதே கேட்க வேண்டும். இந்த பேட்ச்சுக்கு நான் கொடுத்திருக்கும் பயிற்சி அதற்கு முந்தையது: ஜாம்நகர் பக்கத்துச் சிக்காவிலிருந்து டீசல் ஏற்றிக்கொண்டு பாப் எல் மண்டெப் நீரிணை வழியாகப் போகும் கப்பல், சூயஸைக் கடந்து போர்ட் சயிதுக்கு அப்பால் 0.10 கோட்டைத் தொட வேண்டும். கால்வாயில் நங்கூரமிட்டு நிற்கும் மணிகள், டேங்கின் கொள்ளளவு, முழு வேகத்தில் எரிந்துபோன எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்து, மாற்றத்தை எந்த மணிக்குத் தொடங்குவது என்று எழுதிவர வேண்டும். வெள்ளிக்கிழமை வாங்கித் திருத்துகிறேன்.